நம் தளம் தேடலில் எங்கே நிற்கிறது? நாமே பார்த்துக்கொள்ளும் வழி

பொழுதுபோக்குக்காக எழுதுகிறவர்களுக்கு எப்படியும் ஒருநாள் வந்துவிடும் சந்தேகம் இது: யாராவது படிக்கிறார்களா, கூகுளில் தேடினால் நம்முடையது வருகிறதா? நான் ஊற்றுப்பேனா கழுவுவது, நிப் சரிசெய்வது பற்றியெல்லாம் எழுதுகிற ஆள். இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்று மாதச் சந்தா கேட்கும் கருவிகள் ஏகப்பட்டது இருக்கின்றன, சின்னத் தளத்துக்கு ஒன்றும் வேண்டாம். இலவசமான கூகுள் சர்ச் கன்சோலே போதும். (2015 வரை இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். பழைய குறிப்புகளில் அந்தப் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.)

அதற்கு முன்னால், உங்கள் தலைப்பை நீங்களே தேடிப்பார்த்து எத்தனையாவதாக வருகிறது என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். இருக்கும் இடம், முன்பு தேடியவை எல்லாவற்றையும் பொறுத்து முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறும். அதோடு, நீங்கள் வைத்த தலைப்பை அச்சுப் பிசகாமல் அடித்துத் தேடப்போகிறவர் உங்களைத் தவிர வேறு யார்?

படி 1: தளத்தைச் சேர்ப்பது

சொந்த டொமைன் இருந்தால் 'டொமைன்' வகையைத் தேர்ந்தெடுத்து, அது தரும் வரியை, டொமைன் வாங்கிய இடத்தில் உள்ள டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) பக்கத்தில் டெக்ஸ்ட் ரெக்கார்டாக (TXT) போட்டால் முடிந்தது. இலவச முகவரி என்றால் 'யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ்' வகைதான். இதில் முகவரியை எழுத்துக்கு எழுத்து சரியாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எச்டிடிபி ஒரு தளம், எச்டிடிபிஎஸ் வேறொரு தளம் என்றுதான் அது கணக்கு வைக்கும். சேர்த்த உடனே எல்லாம் காலியாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்து வாருங்கள்.

படி 2: சைட்மேப்

சைட்மேப் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல் கோப்பு) முகவரியைக் கொடுத்துவிட்டு நகருங்கள். புதுப் பதிவுக்கு 'ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்' (தேடல் பட்டியலில் சேர்க்கக் கேட்பது) ஒருமுறை அழுத்தலாம், தப்பில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகமாக வந்துவிடும் என்பது நம் ஆசை மட்டுமே.

படி 3: பெர்ஃபார்மன்ஸ் பக்கம்

நான் ரொம்ப நாள் முழித்துக்கொண்டு நின்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மேலே நான்கு பெட்டிகள் இருக்கும். க்ளிக்ஸ் என்பது வந்தவர்கள். இம்ப்ரெஷன்ஸ் என்பது முடிவுப் பக்கத்தில் உங்கள் சுட்டி இடம்பெற்ற தடவைகள். தேடியவர் அதுவரை கீழே இறங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூன்றாவது, இவை இரண்டின் விகிதம். நான்காவதான ஆவரேஜ் பொசிஷன்தான் ஆளைக் கவிழ்க்கும்.

எப்படி என்றால், ஒரு தேடலில் உங்கள் பக்கம் 3ஆம் இடத்தில் 10 தடவை தோன்றியது, சராசரி 3. அடுத்த மாதம் அதே 3ஆம் இடம் அப்படியே இருக்க, இன்னொரு புதிய தேடலில் 40ஆம் இடத்தில் 90 தடவை தோன்றிவிட்டது. இப்போது மொத்தச் சராசரி 36.3. ஒரு இடம்கூட இறங்கவில்லை, கூடுதலாகத்தான் தெரிந்திருக்கிறீர்கள், ஆனால் கோடு தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பதறிப்போய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பதிவைத் திருத்துகிறவர்கள் நிறைய.

அதனால் மொத்தச் சராசரியை மறந்துவிடுங்கள். கீழே 'பேஜஸ்' போய் ஒரு பதிவைச் சொடுக்குங்கள், அப்புறம் 'குவரீஸ்' வந்து ஒரே ஒரு தேடலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம், ஒரு தேடல் என்று சுருக்கிய பிறகு தெரியும் எண்ணுக்குத்தான் அர்த்தம் உண்டு. முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். 28 என்பது முழு நான்கு வாரம், சனி ஞாயிறு இரண்டு பக்கமும் சமமாக வரும். தரவு 16 மாதம்தான் இருக்கும், பழையது வேண்டுமென்றால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தமிழ்த் தேடல்களைப் பிரிப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி. ஃபில்டரில் குவரி, அதில் 'கஸ்டம் ரெஜெக்ஸ்' (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் குறியீடு) தேர்ந்தெடுத்து இதை மட்டும் போடுங்கள்:

[அ-ஹ]

தமிழ் எழுத்து ஒன்றாவது உள்ள தேடல்கள் மட்டும் நிற்கும். அதையே 'பொருந்தாதவை' என்று மாற்றினால், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடியவர்கள் வரிசையாக வருவார்கள். ஒரே சொல்லை எத்தனை விதமாக அடிக்கிறார்கள் என்று பார்ப்பதே தனிப் பொழுதுபோக்கு. அதற்காகப் பதிவு முழுவதையும் அப்படி எழுதாதீர்கள், படிக்கச் சகிக்காது. பெயர்ச்சொற்களை ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் குறிப்பிட்டால் போதும்.

படி 5: என்ன செய்வது

5 முதல் 15ஆம் இடத்துக்குள் இருந்து, இம்ப்ரெஷன்ஸ் நிறையவும் க்ளிக் சொற்பமாகவும் உள்ள பதிவுகளை எடுங்கள். 60ஆம் இடத்தில் கிடப்பவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். மைகளை ஒப்பிட்டு நான் எழுதிய ஒரு பதிவுக்கு, 'காய்ந்த பேனாவை எழுத வைப்பது எப்படி' என்று தேடியே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே அதைப் பற்றி இருந்தது ஒரே வரி. அதைத் தனிப் பதிவாக்கி, கொதிநீர் கூடாது, சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்கிற பதிலை முதல் பத்தியிலேயே வைத்தேன். தலைப்பிலும் தேடியவர்களின் சொற்களே. மாற்றிய பிறகு சில வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

மெட்டா கீவேர்ட்ஸ் (படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்துக்குள் வைக்கும் குறிச்சொற்கள்) பெட்டியில் சொற்களைத் திணிப்பதற்கு இன்னும் பாடம் எடுக்கிறார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

சேர்க்கை: பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கீழே உள்ள தேடல்களைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தம் வரவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். சின்னத் தளங்களில் இது பெரிய பங்காகவே இருக்கும்.

இன்னொரு சேர்க்கை: எந்தப் பக்கமும் வரவே இல்லை என்றால், வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ரீடிங் போய், தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். தளம் கட்டும்போது போட்ட டிக் அப்படியே நின்றிருக்கும். வேர்ட்பிரஸ்ஸிலேயே நீளமான தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியின் வால் வெட்டுப்படும்: அதற்கு 200 இடம்தான் உண்டு, ஒரு தமிழ்க் குறியே 9 இடத்தைப் பிடிக்கும், புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறிதான். ப்ளாகரில் தமிழ்த் தலைப்பு முகவரியில் ஏறவே ஏறாது, வெறும் 'ப்ளாக்-போஸ்ட்' என்று எண்ணோடு வரும். இரண்டிலும், வெளியிடும் முன்பே பெர்மாலிங்கில் (பதிவின் நிலையான முகவரி) ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒன்றை நீங்களே வைத்துவிடுங்கள்.