குடிபோன இரண்டாம் மாதமே ‘காலி பண்ணுங்க’ என்றால்

பால் காய்ச்சிக் குடிபோய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. கடைசி அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்காமலே பரண் மேல் கிடந்தது. ஹவுஸ் ஓனர் போன் செய்தார். “தம்பி, பையன் துபாய்லேருந்து வர்றான். பதினஞ்சு நாள்ல காலி பண்ணிக் குடுத்துடுங்க.” பதற்றத்தில் “சரி சார்” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ‘சரி’யைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு இருக்கிறதே! சென்னையில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. போனில் ஒப்புக்கொள்ளாதீர்கள்

“வீட்ல பேசிட்டுச் சொல்றேன் சார்” என்றால் போதும். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்:

“சார், இன்னைக்கு போன்ல வீட்டைக் காலி பண்ணச் சொன்னீங்க. போன மாசம்தான் குடிவந்தோம். அக்ரிமென்ட் 11 மாசத்துக்கு இருக்கு. காரணத்தையும் தேதியையும் எழுதி அனுப்புங்க, பேசிக்கலாம்.”

சட்டம், கோர்ட் என்று எதுவும் இதில் வேண்டாம். அவர் கேட்டது எழுத்தில் பதிவானால் போதும்.

2. அக்ரிமென்ட்டை எடுங்கள்

கையெழுத்துப் போட்ட அன்று யாரும் அதை முழுசாகப் படிப்பதில்லை, நானும்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இரு தரப்பில் யார் முடித்துக்கொள்வதானாலும் இரண்டு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். பதினைந்து நாள் கதை அங்கேயே அடிபட்டுப் போனது. உங்கள் பத்திரத்திலும் அந்த வரியைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கு இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியேற்ற வேண்டுமானால், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். உரிமையாளருக்கே குடியிருக்க வீடு தேவை என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. அதனால் ‘பையன் வர்றான்’ என்பதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கும் உத்தரவு வேண்டும், ஒரு போன் கால் போதாது.

எழுத்தில் ஒப்பந்தமே போடாமல் குடியிருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான், அதுவே வெளியேற்றக் காரணமாகலாம். பத்திரம் வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் வாங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வாடகையை நிறுத்தாதீர்கள்

“அட்வான்ஸ்ல கழிச்சுக்கட்டும்” என்று தோன்றும். வேண்டாம். இரண்டு மாத பாக்கி விழுந்தால் அவருக்கு உறுதியான காரணம் கிடைத்துவிடும். வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

4. பேரம் பேசுங்கள்

கடைசிவரை சண்டை போட்டு அதே வீட்டில் இருப்பது பெரும்பாலும் நிம்மதி தராது என்பது என் கருத்து. எங்களுக்குக் கீழ்வீட்டில்தான் ஓனர் இருந்தார். மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுச் சுவரில். அதனால் போவது என்று முடிவு செய்தேன், சும்மா போவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்கு எழுதினேன். ப்ரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகை 14,000. டெம்போவும் ஏற்றுக்கூலியும் 6,500. ஏசி கழற்றி மாட்ட 2,000. ஆக 22,500. தாளைப் பார்த்துவிட்டு ஓனர் சிரித்தார். அவர் வீட்டம்மா சிரிக்கவில்லை. “பாவம், நாற்பது நாள்ல திரும்ப மூட்டை கட்டணும்” என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு பேச்சு சுலபமானது. ப்ரோக்கருக்குப் போன பணத்தைத் தர ஓனர் ஒப்புக்கொண்டார், பெயின்டிங்குக்கு ஒரு பைசா பிடிப்பதில்லை என்றார். எனக்கு 45 நாள் அவகாசம். மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

5. சாவியும் பணமும் ஒரே நேரத்தில்

ஒப்பந்தத்தில் ‘வேறு பேச்சு’ இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டம். அந்த ‘வேறு பேச்சு’ வழியாகத்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் வாழ்கிறது. வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்துக்குள் அதைத் தர வேண்டும், நியாயமான பிடித்தம் போக. ஆனால் அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணம் அன்றைக்கே வேண்டியிருக்குமே.

காலி செய்த அன்று ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள், ஈபி மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. எங்கள் ஓனர், “அட்வான்ஸை அடுத்த வாரம் போட்டுவிடறேன் தம்பி” என்றார். “அப்போ சாவியையும் அடுத்த வாரம் தர்றேன் சார்” என்றேன். கொஞ்ச நேரம் முற்றத்துத் துளசிச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்தார். 70,000 வந்ததும் சாவி கை மாறியது.

6. தண்ணீரை நிறுத்தினால், பூட்டுப் போட்டால்

தண்ணீர், மின்சாரத்தை வெட்டுவது சட்டப்படி தவறு. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். உங்களை வெளியேற்றும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. வலுக்கட்டாயமாக வெளியேற்றிவிட்டால், தனிப்பட்ட தீர்வழிச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். பூட்டை மட்டும் நீங்களே உடைக்காதீர்கள்.