இரண்டு பழைய ஜிப்ஸிகளிலிருந்து ஒரு முழு வண்டி: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

திருவொற்றியூரில் கடலை ஒட்டி வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: என்ஜின் ஓய்வதற்கு வெகு முன்பே தகடு போய்விடும். எங்கள் தெருவில் நின்ற மாருதி ஜிப்ஸி கிங், ஜீப் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டி, அப்படிப்பட்டது. சாவியைத் திருப்பினால் உடனே உயிர் பெறும் என்ஜின். ஆனால் ஓட்டுநர் காலடியில் தரைத்தகடு அரித்துச் சாலை தெரியும். மாதவரத்தில் என் மைத்துனரின் கொட்டகையில் இன்னொரு ஜிப்ஸி கிடந்தது. அது 1993க்கு முந்தைய மாதிரி. விபத்தில் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வளைந்திருந்தது, என்ஜின் இறுகியிருந்தது, ஆனால் கூரையின் கீழேயே நின்றதால் உடற்கூடு கெடவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு வண்டியாக்க ஏழு மாதம் ஆயிற்று. பட்டறை அனுபவம் அதிகம் இல்லாத ஒருவரும் தேர்ந்த வெல்டர் ஒருவரின் துணையோடு இதைச் செய்ய முடியும். வரிசை தவறக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்

ஒரே குடும்பத்து வண்டிகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். பொலிரோ சேஸிஸின் மேல் ஜிப்ஸி உடலை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், தனியார் நிலத்துக்குள் மட்டும் ஓட்டலாம். சாலைக்கு வர முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது சேஸிஸ்தான். எந்த வண்டியின் ஆர்.சி. செல்லுபடியாகிறதோ அதன் சேஸிஸையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொறித்த எண்ணை அரம், கிரைண்டர், பெயின்ட் எதனாலும் தொடாதீர்கள். என்ஜினையோ நிறத்தையோ மாற்ற நினைத்தால், அது அதே வகை என்ஜினாக இருந்தாலும், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு ஆர்.சி.யில் பதிய வைக்க வேண்டும். உதிரிக்காகப் பிரிக்கும் வண்டியின் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், இல்லாத ஒரு வண்டி உங்கள் பெயரில் இருந்துகொண்டே இருக்கும்.

வாங்கும்போது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் போதும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

சேஸிஸைத் தட்டிப் பார்ப்பது

உடலைக் கழற்றுமுன் பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். காலி டாங்குதானே என்று அதன் அருகில் வெல்டிங் வைக்காதீர்கள். நிறைந்த டாங்கை விட ஆவி தங்கிய காலி டாங்குதான் ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

உடல் இறங்கியதும் அரைக் கிலோ சுத்தியலை எடுத்துக்கொண்டு சேஸிஸ் சட்டத்தை முன்னிருந்து பின்வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’கென்று கையை உதறும். அரித்த இடம் ‘டொப்’பென்று ஒலியை விழுங்கும். எங்கள் கிங்கில் முழு நீளமும் டங், டங் என்று வந்தது. பின் குறுக்குச் சட்டத்தில், இடப்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, ஒலி செத்தது. கறுப்புப் பெயின்ட் மேலுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. உளியை வைத்து மெதுவாகத் தட்டியதும் பெயின்ட் அப்பளமாக உடைந்தது. உள்ளிருந்து ஈர மணலும் துருப்பொடியும் ஒரு கைப்பிடி கொட்டின. பட்டை தாங்கும் இடம் அது. அப்படியே உடலை ஏற்றியிருந்தால் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பள்ளத்திலேயே கழன்றிருக்கும்.

அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள தகட்டால் ஒட்டுப் போட வேண்டும். நீளச் சட்டத்தில் ஒட்டுப் போட நேர்ந்தால் தகட்டை நேர்ச்சதுரமாக வெட்டாதீர்கள். செங்குத்தான வெல்டிங் கோட்டில் அழுத்தம் ஒரே இடத்தில் சேர்ந்து சட்டம் அங்கேயே விரிசல் விடும். தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டினால் அழுத்தம் பரவும். இந்த வெல்டிங்கைக் கற்றுக்கொள்பவர் கையில் கொடுக்காதீர்கள். நானும் செய்யவில்லை, லாரி சேஸிஸ் வேலையிலேயே முப்பது ஆண்டு பழகிய ஒருவரை மூலக்கடையிலிருந்து அழைத்துவந்தோம்.

நூலும் தூக்குக்குண்டும்

சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க கணினிக் கருவி தேவையில்லை, கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சட்டத்தை ஸ்டாண்டுகளில் ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். இருபுறமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும் துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளிகளைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு புள்ளிகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக, அல்லது மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சட்டம் நேர். எங்களிடம் இருந்த பழைய வண்டியில் 19 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. அதன் சேஸிஸ் எடைக்குப் போயிற்று.

ஆக்சில்களை மாட்டியபின் இதே முறையில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஜிப்ஸிக்கு இது 2,375 மில்லிமீட்டர்.

ஆக்சில்: நாங்கள் தவறிய இடம்

கிங்கின் பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் (சிறு பல்சக்கரமான பினியனும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனும்) தேய்ந்து ஊளையிட்டது. பழைய வண்டியின் ஆக்சில் சும்மாதானே கிடக்கிறது, அதையே போடலாம் என்று மாட்டிவிட்டோம். யூ போல்ட் (ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு பிணைக்கும் வளைந்த போல்ட்) பொருந்தியது, ஸ்பிரிங் பட்டை பொருந்தியது, சக்கரமும் பொருந்தியது. பின்னால் நின்று பார்த்தபோதுதான் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களை விட இருபுறமும் இரண்டு விரல் உள்ளே ஒடுங்கியிருப்பது தெரிந்தது. 1993இல் ஜிப்ஸியின் சக்கர அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். எங்கள் பழைய ஆக்சில் அதற்கு முந்தையது. பக்கத்துக்கு 45 மில்லிமீட்டர் குறைவு.

அகலம் கண்ணுக்காவது தெரிந்தது. பல் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, கண்ணுக்குத் தெரியாது, ஆபத்தும் அதில்தான். நான்கு சக்கர இயக்கத்தில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் சுற்ற வேண்டும். ஜிப்ஸியில் நடு டிஃபரன்ஷியல் (முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. விகிதம் மாறினால் ஒன்றை ஒன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) உடையும். இரு சக்கர இயக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது.

எண்ணிப் பார்க்கும் முறை எளிது. ஆக்சிலைக் கழற்றித் தாங்கிகளில் வையுங்கள். ஒரு பக்க ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒருவர் அசையாமல் பிடிக்கட்டும். பினியன் முகப்பில் ஒரு சாக்பீஸ் கோடு, மறுபக்க ஹப்பில் ஒரு கோடு போடுங்கள். அந்த ஹப்பை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். (ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் இரண்டு சுற்று.) இரண்டு சுற்றில் வித்தியாசம் பிடிபடாது, இருபது சுற்று சுற்றி எண்ணிப் பத்தால் வகுங்கள். எங்கள் கிங் ஆக்சிலில் பினியன் 39 சுற்றுக்குச் சற்று மேல் வந்தது, பழையதில் 41 தாண்டியது. மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்து, “கழற்றிவிடலாம் மாமா” என்றார். புதுப்பேட்டையில் நான்கு நாள் அலைந்து கிங்கின் பின் ஆக்சில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். அங்கேயே கடை வாசலில் உட்கார்ந்து இருபது சுற்று எண்ணிய பிறகே பணம் கொடுத்தேன்.

உடலை ஏற்றுவது

இதற்கு நான்கு பேர் வேண்டும், அல்லது ஒரு செயின் பிளாக். சேஸிஸுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர்களைப் புதிதாக வாங்குங்கள். போல்ட்டுகளையும் புதிதாக வாங்குங்கள். செம்புதாஸ் தெருவில் தரம் பொறித்தவை கிடைக்கும். எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றி, கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்த பிறகே முறுக்குங்கள். ஒரு மூலையை முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கதவு கடைசிவரை உராயும். போனட் மட்டும் என்ஜினோடு வந்ததையே போடுங்கள்.

உடலில் உள்ள சிறு ஓட்டைகளை அடைக்க சி.ஓ.டூ. வெல்டிங்தான் ஏற்றது. மெல்லிய தகடு, ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் நெளியும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும் ஒன்று. தரையின் அடிப்பக்கமும் பெட்டிச் சட்டங்களின் உட்புறமும் துருத் தடுப்புப் பூச்சு பெற வேண்டும். வடசென்னையில் இதைத் தவிர்த்தால் மூன்று மழைக்காலத்தில் மறுபடியும் இதே வேலைதான்.

ஒயரும் பிரேக்கும்

என்ஜின், அதன் கணினிப் பெட்டி, ஒயர் தொகுப்பு மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இரண்டு வண்டிகளின் ஒயர்களை இடையில் வெட்டி முடிச்சுப் போடாதீர்கள். கழற்றும்போதே ஒவ்வொரு முனையிலும் துணி டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

பிரேக் குழாய், ஹோஸ், சக்கர சிலிண்டர் எதுவும் பழையதாக வேண்டாம். பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது சிறிதும் இறங்கவில்லை என்றால்தான் வண்டி கொட்டகையை விட்டு நகரலாம்.

முதல் ஓட்டம் விடியற்காலையில், ஆளில்லாத தெருவில், இரண்டாம் கியருக்கு மேல் போகாமல். தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுச் சோதிக்காதீர்கள். அதற்கு மணல் வேண்டும். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் அடியில் போய் யூ போல்ட்டுகளையும் உடல் போல்ட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள். எங்கள் வண்டியில் பதினாறு யூ போல்ட் நட்டுகளில் ஐந்து நட்டுகள் கால் சுற்று ஏறின.