செவ்வணிலுக்குத் தீனிப்பெட்டி: நோய் பரவாமல் வைப்பது எப்படி

வட இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ செவ்வணில் வந்துபோகும் தோட்டம் இருந்தால் தீனிப்பெட்டி வைக்கலாம். வாராவாரம் கழுவ நேரமில்லை என்றால் வைக்கவே வேண்டாம். 1876-இல் செஷயரில் திறந்துவிட்ட அமெரிக்கச் சாம்பல் அணில்களின் வழித்தோன்றல்கள் இன்று அணில் அம்மைக் கிருமியைச் சுமந்து திரிகின்றன. அவற்றை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. செவ்வணிலுக்குத் தொற்றினால் அநேகமாகச் சாவுதான். இரண்டும் ஒரே பெட்டியில் வாய்வைத்தால் நோயை நாமே ஊட்டிவிட்டதாக ஆகும்.

12 மி.மீ. பிளைவுட் போதும். அடிப்பலகை 15-க்கு 25 செ.மீ., உயரம் 25 செ.மீ. கொட்டை தெரிய வேண்டும் என்பதால் முன்பக்கத்துக்கு அக்ரிலிக் தகடு. மூடியைப் பின்பக்கம் கீல் வைத்து மாட்டுங்கள். அணில் முன்மேடையில் உட்கார்ந்து தலையால் தூக்கி எடுக்கும். பழகும்வரை இடையில் ஒரு குச்சி செருகி மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். அடியில் நான்கு துளை அவசியம். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிக் கொட்டை பூஞ்சை பிடிக்கும்.

தீனிக்கு ஓட்டோடு ஹேசல் கொட்டை, கொஞ்சம் சூரியகாந்தி விதை. வெறும் நிலக்கடலையாகப் போடாதீர்கள். அதில் கால்சியம் குறைவு, எலும்பு பலவீனமாகும். ஒரு மான்கொம்புத் துண்டு வைத்தால் கொறித்துக்கொள்ளும். அன்றே தீரும் அளவுக்கு ஒரு கைப்பிடி போதும்.

கழுவும்போது முதலில் வெந்நீரில் அழுக்கைத் தேய்த்தெடுங்கள். அழுக்கின்மேல் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. பிறகு விர்கான் என்ற கிருமிநாசினியை உறையில் சொன்ன அளவில் கரைத்துத் தடவி, சொன்ன நேரம் ஊறவிட்டு, அலசி, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள். இரண்டு பெட்டி இருந்தால் மாற்றி மாற்றி மாட்டலாம்.

யார் வந்து போனது என்று அறிய, மூடியின் அடிவிளிம்பில் ஒட்டுப்பட்டைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். தலை நுழையும்போது முடி ஒட்டிக்கொள்ளும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் செவ்வணில் முடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரியும். நிறத்தை நம்பாதீர்கள், சாம்பல் அணிலுக்கும் செம்பட்டை முடி உண்டு.

செவ்வணிலின் கண், மூக்கு, உதட்டோரம், விரல்களில் புண்ணோ பொருக்கோ கண்டால் அன்றே எல்லாப் பெட்டிகளையும் இறக்குங்கள், பறவைத் தீனியையும் சேர்த்து. உள்ளூர் செவ்வணில் குழுவுக்குச் சொல்லுங்கள்; அவர்கள் சரி என்னும்வரை திரும்ப மாட்டாதீர்கள். சாம்பல் அணில் தென்பட்டாலும் இதேதான். அதைப் பிடிக்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுடையது. பிடித்ததை மறுபடி வெளியே விடுவது சட்டப்படி குற்றம்.