உயர்த்திய ஜீப்பில் ஸ்டீரிங் சரியில்லையா? தேட வேண்டிய வரிசை

ராங்ளர் ஜேகே மாடலில் (2007–2018) வண்டியை இரண்டரை, மூன்று அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்கும் 35 அங்குல டயரும் ஏறியதும் வரும் புகார்கள் பெரும்பாலும் இவைதான்: வண்டி நேராக ஓடாமல் அலைகிறது, திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்டீரிங் நடுவுக்கு வருவதில்லை, மேட்டில் ஏறி இறங்கினால் தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது. உடனே கனமான ஸ்டீரிங் டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும். அடியில் தளர்ந்திருக்கும் பாகம் தளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

வண்டி உயரும்போது என்ன மாறுகிறது என்று முதலில் புரிந்துகொண்டால் தேடுவது எளிது. இந்த ஜீப்பின் முன் ஆக்சில் ஒரே தண்டு. நான்கு கன்ட்ரோல் ஆர்ம்கள் அதை முன்பின் நகராமல் பிடிக்கின்றன; டிராக் பார் பக்கவாட்டில் பிடிக்கிறது. உடல் மேலே போனதும் ஆர்ம்கள் சரிந்து ஆக்சிலைச் சற்றே சுழற்றுவதால் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைகிறது. டிராக் பாரும் சரிந்து, அது ஃபிரேமில் மாட்டியிருக்கும் பக்கமாக ஆக்சிலை இழுத்துவிடுகிறது. ஸ்டீரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்க்கும் சரிவதால், வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் சக்கரம் கோணலாக நிற்கிறது.

காசில்லாமல் பார்க்கக்கூடியது டயர் காற்று. 35 அங்குல டயருக்கு அதிகச் சுமை இல்லாதபோது 26 முதல் 30 பிஎஸ்ஐ போதும். பழைய டயருக்கு வைத்த அளவையே வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு வண்டி மிதக்கும். டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, சமதளத்தில் சில மீட்டர் நேராக ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் நடுக்கமும் இடம் மாறினால், கோளாறு டயரிலோ பேலன்ஸிலோதான்.

அடுத்தது மூட்டுகளில் தளர்வால் வரும் ஆட்டத்தைத் தேடுவது. இதற்கு இன்னொருவர் துணை வேண்டும். வண்டி தரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஜாக் வைத்துத் தூக்கினால் மூட்டுகளில் சுமை இல்லாமல் ஆட்டம் ஒளிந்துகொள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, துணைக்கு இருப்பவரை ஸ்டீரிங்கைக் கால் சுற்று இடமும் வலமுமாகத் தொடர்ந்து ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே இருந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள்: பிட்மேன் ஆர்ம் (ஸ்டீரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்க்கைத் தள்ளும் கை), டிராக் லிங்க்கின் இரு முனை, டை ராடின் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) இரு முனை, கடைசியாக டிராக் பாரின் இரு போல்ட். மூட்டு திரும்பலாம், மேலும் கீழும் குதிக்கக் கூடாது.

டிராக் பாரில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். பெரும்பாலான கோளாறு அங்கேதான் இருக்கும். போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே மயிரிழை அசைந்தாலும் அது கோளாறுதான். போல்ட்டைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி தளரும். பிராக்கெட்டை மாற்ற வேண்டும், அல்லது சரியான அளவு ஓட்டையுள்ள தகட்டை அதன்மேல் வெல்டு செய்ய வேண்டும். ஓட்டை நன்றாக இருந்தால் 170 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். புஷ் (மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள எந்த போல்ட்டையும் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் சக்கரங்களில், சாதாரண உயரத்தில் நிற்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே பிடிபட்டுச் சீக்கிரம் கிழியும்.

முன் சக்கரம் திரும்ப இடம்தரும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட்டைப் பார்க்க ஆக்சிலைத் தூக்கி டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்புங்கள். பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்.

ஆட்டம் எங்கும் இல்லை, ஆனாலும் வண்டி அலைகிறதா? இப்போது கேஸ்டர். கம்பெனி நிலையில் இது சுமார் 4.2 டிகிரி. உயர்த்திய பிறகு 3-க்கும் கீழே போயிருந்தால் ஸ்டீரிங் நடுவுக்குத் திரும்பாது. அகலமான டயருக்கு 5 டிகிரி அளவில் இருந்தால் வண்டி நன்றாக நிற்கும். அலைன்மென்ட் கடையில் “இந்த வண்டியில் கேஸ்டர் மாற்ற வழியில்லை” என்பார்கள். கம்பெனி ஆர்மில் உண்மைதான். அதற்காகத்தான் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம், கேம் போல்ட், ஆர்மை இறக்கும் பிராக்கெட் எல்லாம் வருகின்றன. ஆனால் கேஸ்டரை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். ஆக்சில் பின்னோக்கிச் சாயச் சாய, முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மோசமாகி அதிர்வு வரும், ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழியும்.

டோ அளவை (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) வீட்டிலேயே பார்க்கலாம். முன் சக்கரங்களைக் கழற்றி, இரு பிரேக் ரோட்டரிலும் டயரின் விட்டம் அளவு நீளமுள்ள நேரான சதுரக் குழாயைக் கட்டி, முன்முனைகளுக்கும் பின்முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். முன்னால் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்.

மேட்டில் மட்டும் வெட்டுகிறது என்றால், வண்டியின் முன்னால் நின்று டிராக் பாரையும் டிராக் லிங்க்கையும் பாருங்கள். இரண்டும் இணையாக இருக்க வேண்டும். டிராக் பாரை மட்டும் பிராக்கெட் வைத்து ஆக்சில் பக்கம் உயர்த்திவிட்டு டிராக் லிங்க்கை விட்டுவிட்டாலோ, இறங்கிய பிட்மேன் ஆர்மை மட்டும் மாட்டினாலோ, இரண்டும் வேறுவேறு வட்டத்தில் ஆடும். ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகத் திரும்பும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும்.

பின்பக்கம் ஆடுவதுபோல் இருந்தால் பின் டிராக் பாரின் சரிவைப் பாருங்கள். அதை ஆக்சில் பக்கம் உயர்த்தும் பிராக்கெட் பெரும்பாலும் போதும்.

70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளம் பட்டதும் முன்பக்கம் முழுதும் வெறிபிடித்ததுபோல் உதறினால் அது டெத் வாபிள். ஸ்டீரிங்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைச் சீராகக் குறைத்து ஓரங்கட்டுங்கள். மேலே சொன்ன ஆட்டச் சோதனை முழுவதையும் முடிக்காமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் ஸ்டீரிங் சக்கரத்தை நேராக்குங்கள். முன் சக்கரங்கள் நேராக நிற்கும்போது டிராக் லிங்க்கில் உள்ள ஸ்லீவின் கிளாம்ப் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்லீவைத் திருப்பினால் ஸ்டீரிங் நடுவுக்கு வரும், டோ மாறாது. கோணலாகவே விட்டால், வண்டி திரும்புகிறது என்று ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தவறாக எண்ணி, நேரான சாலையிலேயே பிரேக் பிடிக்கக்கூடும். 150 கிலோமீட்டர் ஓடியதும் கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள்.