பழைய ரெக்கார்டரும் விசிலும் கைமாறும்போது பார்க்க வேண்டியவை

(டேப் ரெக்கார்டரைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஊதுகிற ரெக்கார்டர்.)

மாற்றிக்கொண்ட குழல் ஒரே வாரத்தில் திரும்பி வந்தால் விரிசலையோ உடைசலையோ தேடாதீர்கள். பெரும்பாலும் பரோக் விரலடைப்பு (எந்த ஸ்வரத்துக்கு எந்தத் துளைகளை மூடுவது என்ற முறை) பழகியவர் கைக்கு ஜெர்மன் குழல் போயிருக்கும். இல்லையென்றால் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸாக வைத்துச் சேர்ந்து வாசிக்கிறவர்களிடம், ஏ 415 ஹெர்ட்ஸாக வரும் குழல் மாட்டியிருக்கும். குழல் மேல் குற்றமில்லை. பேசும்போதே கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகளை யாரும் கேட்கவில்லை.

முதல் கேள்வி, எந்த அளவு? ரெக்கார்டரில் சொப்ரானோவுக்கும் டெனருக்கும் மிகக் கீழ் ஸ்வரம் சி. ஆல்டோவுக்கும் பாஸுக்கும் எஃப். சொப்ரானோ மட்டும் ஊதியவர் ஆல்டோவை எடுத்தால் விரல் அதே இடத்தில் இருக்கும், ஸ்வரத்தின் பெயர் மாறிவிடும். பழக சில வாரம் பிடிக்கும்.

இரண்டாவது, விரலடைப்பு பரோக்கா ஜெர்மனா? பின்புறம் பி அல்லது ஈ என்று பொறித்திருந்தால் பரோக், ஜி என்றால் ஜெர்மன். யமஹாவில் ஒய்ஆர்எஸ்-24பி பரோக், ஒய்ஆர்எஸ்-23 ஜெர்மன். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் மேலிருந்து நான்காவது, ஐந்தாவது துளைகளை ஒப்பிடுங்கள். நான்காவதைவிட ஐந்தாவது சிறியதாக இருந்தால் ஜெர்மன். 1920-களில் பீட்டர் ஹார்லன் கொண்டுவந்த முறை இது. சொப்ரானோவில் எஃப் எளிதாக வரட்டும் என்று செய்தார். அதற்கு விலையாக எஃப் ஷார்ப் சுருதி விலகிப் போனது. பள்ளிப் பிள்ளைக்குப் போதும். மேலே போக நினைக்கிறவருக்கு ஜெர்மன் குழலை மாற்றாகக் கொடுப்பது நியாயமில்லை என்பது எங்கள் கட்சி.

மூன்றாவது, ஏ எத்தனை? 440-க்கும் 442-க்கும் வித்தியாசம் 8 சென்ட்தான் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு), குழலின் பகுதிகள் சேரும் மூட்டைச் சற்றே இழுத்தால் சரியாகிவிடும். 415 கிட்டத்தட்ட அரை ஸ்வரம் கீழே. எவ்வளவு இழுத்தாலும் 440 குழல் அங்கே போகாது.

கண்ணால் பார்ப்பது

தலைப்பகுதியைக் கழற்றி, ஊதும் முனையைக் கண்ணருகே வைத்து ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். காற்றுவழியின் இடுக்கில், எதிரே இருக்கும் கூர்விளிம்பு நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். விளிம்பில் சிறு பள்ளம் இருந்தாலும் ஒலி கரகரக்கும். யாராவது ஊசியோ பின்னோ விட்டுச் சுத்தம் செய்திருப்பார்கள். அதைச் சரிசெய்ய குழல் செய்கிறவரிடம்தான் போக வேண்டும். இடுக்கு நடுவில் மட்டும் குறுகித் தெரிந்தால் உள்ளே இருக்கும் மர அடைப்பு ஈரத்தில் உப்பியிருக்கிறது. ஒரு வாரம் ஊதாமல் காயவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து கட்டைவிரல் துளை. பல வருடம் ஊதிய மரக்குழலில் நகம் உரசி உரசித் துளை முட்டை வடிவமாகியிருக்கும். கீழே எல்லாம் நன்றாக வரும், மேல் ஏ-யிலிருந்து உடையும். துளைக்கு வளையம் பொருத்திச் சரிசெய்யலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கீழ் சி வராமல் பிடிவாதம் பிடித்தால் குழலைக் குறை சொல்லும் முன் மூட்டைச் சந்தேகியுங்கள். மூட்டில் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி ஊதுங்கள். ஸ்வரம் வந்துவிட்டால் கார்க்தான் சுருங்கியிருக்கிறது. புது கார்க்கோ நூலோ போட்டால் தீர்ந்தது.

ஊதி ஒப்பிடுவது

இங்கேதான் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். குழலுக்குள் இருக்கும் காற்று 1 டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். உறையிலிருந்து அப்போதுதான் எடுத்த குழலையும், அரைமணி நேரம் ஊதிச் சூடான குழலையும் பக்கத்தில் வைத்து 'இது சுருதி குறைவு' என்று தீர்ப்புச் சொன்னால் அந்தத் தீர்ப்பு செல்லாது. இரண்டின் தலைப்பகுதியையும் அக்குளில் 5 நிமிடம் வைத்திருந்து, பிறகு ஆளுக்கு 5 நிமிடம் ஊதிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த காற்றுவழியில் நீர்த்துளி படிந்து அடைப்பதும் இதனால் குறையும். அடைத்துவிட்டால் கூர்விளிம்பு இருக்கும் காற்றுத் திறப்பை விரலால் தொடாமல், அதன் மேல் உள்ளங்கையை லேசாகக் கவித்துப் பலமாக ஒரு ஊது ஊதினால் போதும்.

ட்யூனர் செயலியை ஊதுகிறவர் பார்க்கவே கூடாது. முள் கீழே போனால் மூச்சு தானாகக் கூடும், மேலே போனால் தணியும். கடைசியில் எல்லாக் குழலும் நல்ல குழலாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவு மூச்சில் ஒவ்வொரு ஸ்வரமாக ஊதுங்கள். மற்றவர் முள்ளைப் பார்த்து எழுதட்டும்: சி +4, டி +6, இப்படி. கீழ் சியிலிருந்து மேல் சி வரை வரிசையாக எழுதினால் படம் கிடைத்துவிடும். எல்லாமே 10 அல்லது 12 சென்ட் ஏறியிருந்தால் கவலையில்லை, தலையை 2 மில்லிமீட்டர் இழுங்கள். சொப்ரானோவின் கீழ் சி அதில் 10 சென்ட் இறங்கும். ஆனால் மேலே உள்ள ஏ 18 சென்ட்வரை இறங்கிவிடும், அங்கே ஒலிக்கும் குழாயின் நீளம் குறைவு அல்லவா. எனவே கீழ் ஸ்வரங்கள் மட்டும் ஏறியிருக்கும் குழலை இழுத்துச் சரிசெய்ய முடியாது. அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அதன் பிறகு காதுக்கு வேலை. ஊதுகிறவர் காதில் விழும் ஒலி வேறு, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குக் கேட்பது வேறு. எட்டு தாள அளவு (பார்) கொண்ட ஒரே மெட்டை முதல் குழல், இரண்டாவது, மறுபடி முதல் குழல் என்று ஊதுங்கள். கேட்கிறவர் முதுகைத் திருப்பிக்கொள்ளட்டும். மரமா பிளாஸ்டிக்கா என்று பார்க்காமல் சொல்லச் சொன்னால் பலருக்குத் தடுமாற்றம்தான். நல்ல ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழல், சுமாரான மரக்குழலை அடித்துவிடுவது அதிசயமில்லை.

டின் விசில்

விசிலின் பெயர், ஆறு துளையும் மூடினால் வரும் ஸ்வரம். டி விசில் என்றால் டி. நம் கணக்கில் 2 கட்டை. சி விசில் 1 கட்டை, ஜி விசில் 5 கட்டை. ஆறும் மூடியதை ஸட்ஜமாக வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம். டி விசிலில் மேல் மூன்று துளையை மட்டும் மூடி வரும் ஜி-யை ஸட்ஜமாக வைத்து சி ஷார்ப் எடுத்தால் கல்யாணி. ஆனால் கர்நாடகப் புல்லாங்குழலில் எல்லாத் துளையும் மூடியது ஸட்ஜம் இல்லை. அதனால் புல்லாங்குழல் வாசிப்பவரும் விசில்காரரும் வெறுமனே '2 கட்டை' என்று பேசி மாற்றிக்கொண்டால் குழப்பம் வரும். எந்தத் துளைகளை மூடினால் ஸட்ஜம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊதிப் பார்க்க நான்கே இடங்கள். கீழ் டி மெல்லிய மூச்சிலேயே நிற்கிறதா? மேல் ஏயும் பியும் கீச்சிடாமல் வருகின்றனவா? முதல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மட்டும் மூடினால் சி இயல்பாக வருகிறதா, ஏறி நிற்கிறதா? கீழ் ஜிக்கும் மேல் ஜிக்கும் ட்யூனரில் எவ்வளவு இடைவெளி?

ஜெனரேஷன் போன்ற மலிவு விசில்களில் ஒரே அச்சில் வந்த இரண்டுகூட ஒன்றுபோல் ஊதாது, அதனால் 'அதே மாடல்தானே' என்று பார்க்காமல் வாங்காதீர்கள். தலை அசையாவிட்டால் பிளாஸ்டிக் பகுதியைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து மெதுவாகத் திருகுங்கள். பசை விட்டுவிடும், சுருதி சேர்க்க வசதி. தலைக்குள், காற்றுவழிக்குக் கீழே ஒரு குழிவு இருக்கும். பட்டாணி அளவு புளூ-டாக் (சுவரில் தாள் ஒட்டும் பிசின் களிமண்) எடுத்து அதை மட்டமாக நிரப்பினால் மேல் ஸ்வரங்கள் அடங்கும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

கிளார்க் விசில் வேறு சாதி. 1843-இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் ராபர்ட் கிளார்க் செய்ய ஆரம்பித்த கூம்பு வடிவத் தகரக் குழாய், மர அடைப்பு. மூச்சு அதிகம் குடிக்கும், ஒலியில் காற்றுச் சத்தம் கலந்திருக்கும். குறை என்று நினைக்காதீர்கள், அதன் சுபாவமே அது. மூச்சைக் குறைக்க யாராவது காற்றுவழித் தகரத்தை அழுத்தியிருந்தால் பழையபடி ஆக்குவது எளிதல்ல. விற்கிறவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கொடுக்கும்போது

மாடல், சுருதி, விரலடைப்பு, மரம், விரிசல், செய்த பழுது எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். படம் மூன்று: காற்றுவழி வெளிச்சத்தில், கட்டைவிரல் துளை, கழற்றிய மூட்டுகள். பிளாஸ்டிக்கை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அலசுங்கள். மரத்தைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஊதுவாயைத் துடைத்து ஒரு நாள் காயவிட்டால் போதும். எண்ணெய் பூசினால் துளைத்த உட்குழாயில் மட்டும். அடைப்பில் படக் கூடாது.

ரோஸ்வுட், கிரெனடில்லா போன்ற மரங்கள் 2017 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இல்லை. பழைய குழலில் தந்த வளையம் இருந்தால் எல்லை தாண்டி அனுப்பவே வேண்டாம்.

மூட்டுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். இரு தரப்புக்கும் ஒரு வாரச் சோதனை என்று பேசிக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த மரக்குழலை முதல் நாளே இரண்டு மணி நேரம் ஊதித் தள்ளாமல், அந்த வாரம் முழுக்க நாளுக்கு 10-15 நிமிடம் மட்டும் ஊதுங்கள். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.