மூன்று விசிலுக்குள் தியானம்

விடியற்காலையில் எழுந்து பத்மாசனத்தில் அமர முடிகிறவர்களுக்கு இது தேவைப்படாது. டிபன் பாக்ஸ் கட்டிவைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நேரம். தியானத்துக்கென்று தனியாக நேரம் தேடினால் கிடைக்காது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள். என் வீட்டில் அது குக்கர். அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றியதும் உட்கார்ந்துவிடுவேன். மூன்றாவது விசிலுக்கு எழுந்துவிடுவேன். தியானச் செயலிகள் எனக்கு ஆகாது. செல்பேசியைக் கையில் எடுத்தாலே வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு காத்திருக்கும்.

அடுத்து ஆசனம். அசையாமல், சுகமாக இருந்தால் போதும் என்று யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியே சொல்லிவிட்டார். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம்.

பலரும் தடுமாறுவது மூச்சில்தான். திருமந்திரத்தில் மாத்திரை என்ற கால அளவில், பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்று ஒரு கணக்கு வருகிறது. அதைப் படித்துவிட்டு முதல் நாளே மூச்சை அடக்கினால் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். அதெல்லாம் குருவின் அருகில் இருந்து பழக வேண்டியவை. நமக்குக் கும்பகமே வேண்டாம். நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். தொப்புள் மேல் ஒரு கையை வையுங்கள். இழுக்கும்போது கை முன்னே வர வேண்டும். அது அசையாமல் தோள் மட்டும் ஏறினால், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது. நடுவில் மனம் பால் கணக்குப் பார்க்கப் போய்விடும். எண்ணிக்கை விட்டுப்போனது தெரிந்ததும், அலுத்துக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மனத்தை நிலைநிறுத்த எடுக்கும் முயற்சிக்குத்தான் பதஞ்சலி அப்பியாசம் என்று பெயர் சொல்கிறார். நின்றால்தான் அப்பியாசம் என்று சொல்லவில்லை.

யோகத்தின் எட்டு அங்கங்களில் இயமம், அதாவது பொய்யாமை போன்ற ஒழுக்கங்கள்தான் முதலாவது, தியானம் ஏழாவது. அதனால் வாரத்துக்கு ஓர் இயமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொய்யாமையில் தொடங்கலாம். வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே “பாதி வழியில் இருக்கிறேன்” என்று போனில் சொல்வதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். குக்கர் வேலையைவிட இது கடினம்.

பின்சேர்க்கை: உட்கார்ந்ததும் தூங்கிவிடுவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். அப்படியும் கண் சொக்கினால் இரவில் சீக்கிரம் படுப்பதுதான் வழி. பஸ்ஸில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உட்கார இடம் கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சிக்னலில்கூட வேண்டாம்.