மாற மறுப்பவரிடம் நாம் செய்கிற தவறுகள்

புகை, குடி, நள்ளிரவு வரை கைபேசி, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலை என எதுவானாலும், கூட இருப்பவர்கள் முதலில் செய்வது புத்தி சொல்வது. பலிக்காவிட்டால் அதையே இன்னும் அழுத்திச் சொல்வது. இதிலுள்ள பிழையை உளவியலாளர் கர்ட் லெவின் 1940களிலேயே விளக்கிவிட்டார். ஒருவருடைய இப்போதைய நிலையில் மாற்றத்தை நோக்கித் தள்ளும் விசைகளும் தடுக்கும் விசைகளும் சமமாக நிற்கின்றன. தள்ளுவதைக் கூட்டினால் எதிர்விசையும் ஏறும். ஆள் நகரமாட்டார், பதற்றம்தான் மிஞ்சும். தடுப்பது எது என்று பார்த்து அதைத் தளர்த்தினால் குறைந்த முயற்சியிலேயே நகர்வார்.

பிடிவாதம் என்று முத்திரை குத்துவது

வெளியே கெட்டதாகத் தெரியும் பழக்கமும் அந்த மனிதருக்கு ஏதோ ஒரு வேலை செய்துகொடுக்கிறது. சிகரெட் என்றால் வேலைக்கு நடுவே ஐந்து நிமிட ஓய்வு, நண்பர்களோடு நிற்க ஒரு சாக்கு, படபடப்பு அடங்க ஒரு வழி. நாம் சிகரெட்டை மட்டும் பிடுங்குவதாக நினைக்கிறோம். அவர் மூன்றையும் சேர்த்து இழக்கிறார். இழப்பு அதே அளவு லாபத்தைவிட மனதில் கனமாக விழும் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்தார்கள். நன்மைகளை மட்டும் அடுக்குவது எடுபடாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "இதை விட்டால் உங்களுக்கு என்ன போகும்?" என்று முதலில் கேளுங்கள். வரும் பதில் ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு தேட வேண்டும்.

சிலருக்கு அந்த இழப்பு அவர்களுக்கே தெரியாது. வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் மேலாளர், கடைசியில் எல்லாவற்றையும் தானே செய்கிறார். ராபர்ட் கீகனும் லிசா லாஹியும் இதற்கு வகுத்த முறையில், ஒரு தாளில் நான்கு நெடுவரிசைகள் போட வேண்டும்: என்ன மாற்றம் வேண்டும், அதற்கு எதிராக என்ன செய்கிறேன், அப்படிச் செய்யாவிட்டால் எதற்குப் பயப்படுகிறேன், அந்தப் பயத்துக்கு அடியில் என்ன நம்பிக்கை இருக்கிறது. நான்காவதில் "நான் இல்லாமலே வேலை நடந்தால் எனக்கு மதிப்பில்லை" என்று வரலாம். அதை வாதாடிப் போக்க முடியாது. கெட்டுப்போனாலும் பாதகமில்லாத ஒரு சின்ன வேலையை ஒருவரிடம் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வழி.

வாதாடி வெல்லப் பார்ப்பது

தவறுகளிலேயே அதிகம் கெடுப்பது இதுதான். சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றினால் மனிதர்கள் வீம்புக்காவது எதிர்ப்பக்கம் போவார்கள். ஜாக் பிரெம் 1966இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். இன்னொரு சிக்கலும் உண்டு. மாறலாமா வேண்டாமா என்று இருமனதாக இருப்பவரிடம் நீங்கள் ஒரு பக்கத்தைப் பேசினால் அவர் மறுபக்கத்தைப் பேசுவார். பேசப் பேச, தன் வாயால் சொன்னதே அவருக்கு உறுதியாகிவிடும். குடிப் பிரச்சினைக்கு ஆலோசனை பெற்றவர்களைப் பற்றி உளவியலாளர் வில்லியம் மில்லர் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மோதலாகப் பேசினாரோ, ஓராண்டு கழித்து அவரிடம் வந்தவர் அவ்வளவு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

மாற்றாக, மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்த முறையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "0 முதல் 10 வரை, இந்த மாற்றம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" அவர் 4 என்றால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்டுவிடாதீர்கள், மாறாமலிருக்கக் காரணங்கள் வரிசையாக வரும். "ஏன் 1 என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். மாற்றத்துக்கான காரணத்தை அவரே சொல்வார். சொன்னதும் குறுக்கே பேசாமல், அதை உங்கள் வார்த்தையில் ஒரு தடவை திருப்பிச் சொன்னால் போதும். அடுத்து, "முடியும் என்ற நம்பிக்கை எத்தனை?" என்று அதே அளவுகோலில் கேளுங்கள். முக்கியம் 9, நம்பிக்கை 2 என்றால் அவருக்கு அறிவுரை தேவையே இல்லை. சின்ன முதற்படியும் பக்கத்துணையும்தான் தேவை.

யோசிக்கவே தொடங்காதவரிடம் திட்டம் நீட்டுவது இதே பிழையின் இன்னொரு முகம். மாற்றத்தை யோசிக்காத நிலை, யோசிக்கும் நிலை, தயாராகும் நிலை, செய்யும் நிலை, காப்பாற்றும் நிலை என்று உளவியலாளர்கள் புரோசாஸ்காவும் டிகிளெமென்டேயும் 1980களில் வகுத்தார்கள். மனிதர்கள் இந்த வரிசையில் ஒழுங்காக ஏறுவதில்லை. ஆகவே இதை ஒரு தோராயமான வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மனம் வந்த பிறகு நடக்கும் தவறுகள்

"இனி ஆரோக்கியமாக இருப்பேன்" என்ற முடிவில் எப்போது, எங்கே, என்ன செய்வது என்பது இல்லை. பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த வடிவம் எளிது: இது நடந்தால் அதைச் செய்வேன். "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் நடப்பேன்." தினமும் தவறாமல் நடக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலோடு கட்ட வேண்டும், "நேரம் கிடைக்கும்போது" என்று கட்டினால் அந்த நேரம் வராது. "நொறுக்குத்தீனி தின்னமாட்டேன்" என்ற எதிர்மறைத் திட்டம் அதையே நினைவூட்டிக்கொண்டிருக்கும்; அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

21 நாளில் பழக்கம் படியும் என்று நம்புவது அடுத்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக 1960இல் எழுதியதிலிருந்து பரவியது அது. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேர் அதற்குள், மீதிப் பேர் அதற்கு மேல்) 66 நாள்; ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை என மதிப்பிட்டார்கள். 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிடுகிறவர், பாதி வழிகூட வராதவராக இருக்கலாம். அதே ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. "எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான் ஒரு நாள் வழுக்கலை முழு வீழ்ச்சியாக்குகிறது. கூட இருப்பவர் "எனக்குத் தெரியும், உன்னால் முடியாது" என்று சொன்னால் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது வழுக்கியது என்று மட்டும் பேசி, திட்டத்தில் அந்த ஒரு கண்ணியைத் திருத்துங்கள்.

முடியாததை மறுப்பு என்று எண்ணுவதும் நடக்கிறது. மனச்சோர்வு நோயில் இருப்பவருக்கு எழுந்து குளிப்பதே மலை. நீண்ட காலம் தினமும் நிறையக் குடித்தவர், வீட்டார் சத்தியம் வாங்கியதற்காக ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த இருவரிடமும் முதல் அடி மருத்துவரிடம் அழைத்துப் போவது. குடியை நிறுத்தும் தேதியையும் வேகத்தையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.